மேட்டுக்கொல்லை மரத்தின் அறுபது கன்றுகள்

ஜூன் 6

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்குச் சாதகமாக மாற்றவும் மாட்டேன். இப்படி உறுதிமொழி எழுதும்படி யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

நோட்டைக் கொடுத்தவர் எங்கள் அறிவியல் ஆசிரியை ஜெசிந்தா மிஸ். நவம்பரில் மாவட்ட அறிவியல் கண்காட்சி வருகிறது. அதற்காக ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பேர் அவரவர் வீட்டுத் தொழிலைக் கவனித்து எழுத வேண்டும். லோகேஸ்வரிக்குச் செங்கல் சூளை. எனக்கு முந்திரி ஒட்டுக்கன்று. நவம்பர் 5 அன்று நோட்டை மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"தெரியாதத தெரியலன்னே எழுதும்மா. 'பெருசு', 'சிறுசு'ன்னு எழுதாத, அளந்து எழுது. அளக்காதது அறிவியல் இல்ல" என்றார் மிஸ். கடைசி வாக்கியத்தை அட்டையின் உள்பக்கம் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.

என் பெயர் திலகவதி. அப்பா கலியமூர்த்தி பண்ருட்டிக்குப் பக்கத்தில் நர்சரி வைத்திருக்கிறார். அம்மா செல்வராணியும் ஒட்டுக் கட்டுவார். பச்சையம்மாள் அக்கா பையில் மண் நிரப்புவார், தண்ணீர் ஊற்றுவார், எல்லோரையும் கிண்டல் செய்வார். போன மார்கழிப் புயலில் எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகள் எல்லாம் படுத்துவிட்டன. அதனால் இந்த வருடம் ஊர் முழுக்கக் கன்று கேட்டு வருகிறது. மேட்டு நிலத்தில் நிற்கும் எங்கள் மேட்டுக்கொல்லை மரம் நான்கு கிளைகள் முறிந்தும் சாயவில்லை. அதன் கொட்டை பெரியது. கொத்துக்கு எட்டு, ஒன்பது காய்க்கும் (நான் எண்ணியிருக்கிறேன்).

"ஒம்போது மணி ஆவுது, லைட்ட நிறுத்துடி" என்று அம்மா சொல்லிவிட்டார். நிறுத்துகிறேன்.

ஜூன் 9

ஆயிரம் விதைக் கொட்டைகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினோம். முழுகினால்தான் முளைக்கும். 88 மிதந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு மற்றதை ஒரு நாள் ஊற வைக்க வேண்டும்.

"ஒன்னயும் தொட்டில போட்டுப் பாக்கணும்டி" என்றார் பச்சையம்மாள் அக்கா. "மெதப்ப. புஸ்தகத்த தவுர உள்ள என்னா இருக்குது?"

நான் 41 கிலோ. மனித உடல் மிதப்பதற்கும் விதைக்கும் வித்தியாசம் உண்டு என்று விளக்கினேன். அக்கா கேட்கவில்லை.

ஜூன் 30

முளைத்துவிட்டன. கொட்டையே இரண்டாகப் பிரிந்து மண்ணுக்கு மேலே வந்து பச்சையாக நிற்கிறது. சராசரி உயரம் 9 செ.மீ. (20 செடிகளை அளந்தேன்).

ஜூலை 7

மிஸ் இன்று நர்சரிக்கு வந்தார். அவர் ஊர் இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். புயலில் அவருடைய அப்பாவின் தோப்பில் ஒரு மரம்கூட மிஞ்சவில்லையாம். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, தோப்புக் கொல்லைப் பக்கமே போவதில்லை என்று மிஸ் சொன்னார். அறுபது கன்று வேண்டுமாம். மழை தொடங்கியதும் நட வேண்டும்.

"நாலு இடத்துல விசாரிச்சேன் சார். ஒட்டுன்னு சொல்லி விதையில முளைச்ச வெறும் கன்னைக் குடுத்துடுறாங்களாம். மூணு வருஷம் கழிச்சு, காய்க்காதப்பதான் தெரியுமாம்."

"நம்மகிட்ட அந்த வேலையே இல்ல டீச்சர்" என்றார் அப்பா. "ஒங்களுக்கு மேட்டுக்கொல்ல மரம். அதுல இந்த வருசம் ஒட்டுக்கு அறுவது குச்சிதான் தேறும். வேற யாருக்கும் இல்ல."

"திலகா பாத்துக்குவான்னா எனக்குக் கவலையே இல்ல" என்றார் மிஸ்.

அவர் போனதும் அப்பா என் தலையில் கையை வைத்து, "கேட்டியா? ஒன்ன நம்பிக் கேக்குறாங்க" என்றார். எனக்கு இரண்டு நாளைக்குச் சாப்பாடே வேண்டாம் போல இருந்தது. (சாப்பிட்டேன்.)

ஜூலை 20

மேட்டுக்கொல்லை மரத்தில் அப்பா குச்சிகளைத் தேர்ந்தெடுத்தார். பென்சில் கனம் இருக்க வேண்டும். குச்சியை வெட்டவில்லை, காம்பை மட்டும் விட்டு இலைகளைக் கத்தரித்தார். ஒன்பது நாளில் காம்பைத் தொட்டாலே உதிருமாம். அப்போதுதான் நுனி மொட்டு விழிக்கத் தயாராக இருக்குமாம்.

ஒரு விஷயம் கவனித்தேன். இந்த மரத்தின் கொழுந்து செப்புக் காசு நிறம். பையில் முளைத்த நம் செடிகளின் கொழுந்து இளம் பச்சை. அப்பாவிடம் சொன்னேன்.

"முப்பது வருசமா இதுல கெடக்குறேன், இத யாரும் எங்கிட்ட சொன்னதில்ல. எழுதிக்க, எழுதிக்க" என்றார்.

எழுதிக்கொண்டேன்.

ஜூலை 29, ஞாயிறு

இன்று ஒட்டுக் கட்டினோம். இதைக் கவனமாக எழுத வேண்டும்.

செடியின் தலையை ஒரு சாண் உயரத்தில் அப்பா வெட்டுகிறார். வெட்டிய தண்டின் நடுவில் கத்தியை இறக்கி 6 செ.மீ. பிளக்கிறார். தாய்மரத்துக் குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு போல ஆக்கிப் பிளவில் சொருகுகிறார். பட்டையும் பட்டையும் சேர வேண்டும். பிளாஸ்டிக் டேப்பை இறுக்கிச் சுற்றுகிறார். கடைசியாகக் குச்சி ஐஸ் கவரை நனைத்துத் தொப்பி மாதிரி கவிழ்த்து அடியில் கட்டுகிறார். ஒரு கன்றுக்கு 1 நிமிடம் 50 வினாடி. கவருக்குள் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்கிறது.

"பதினஞ்சு நாளைக்கு உள்ள காத்து போவக் கூடாது. குச்சிக்கு வேர் கெடயாது, ஒட்டும் இன்னும் கூடல. அந்த ஈரம்தான் அதுக்கு உசிரு."

புயலில் தப்பிய கீழ்க்கொல்லை மரங்களின் குச்சியில் எண்ணூறு கட்டினார்கள். அவை மொத்தமாக வாங்கிப் போகும் லாரிக்காரருக்கு. மேட்டுக்கொல்லைக் குச்சியில் அறுபது. அவற்றைத் தனி வரிசையாக அடுக்கி, 'மிஸ் வரிசை' என்று பெயர் வைத்து, பைகளில் 1 முதல் 60 வரை எண் எழுதினேன். அறுபதாவதை என்னையே கட்டச் சொன்னார் அப்பா.

"டேப்ப இழுத்துச் சுத்து. லூசா இருந்தா நிக்காது."

இழுத்துச் சுற்றினேன். 7 நிமிடம் ஆனது.

சாயந்திரம், "என்னப் பத்தி என்னா எழுதியிருக்க?" என்று அப்பா கேட்டார். அவர் எட்டாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டி வாசிப்பார். நானே படித்துக் காட்டினேன். '1 நிமிடம் 50 வினாடி' வந்ததும் வெட்கப்பட்டு, "ஏ செல்வராணி, என்ன வாச்சு வச்சு அளந்திருக்காடி ஒம் பொண்ணு" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

ஆகஸ்ட் 2

மொட்டு ஒரு நாளைக்கு எவ்வளவு வளர்கிறது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நூலகத்தில் மூன்று புத்தகம் பார்த்தேன். ஆகவே நானே அளக்க வேண்டும். கவருக்கு வெளியிலிருந்து அளந்தால் நீர்த்துளி மறைக்கிறது. முடிச்சை அவிழ்த்து, கவரைத் தூக்கி, ஸ்கேல் வைத்து, மறுபடி கட்டினேன். ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்பா காலையில் டீக்கடைக்குப் போகும்போது செய்கிறேன். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான். 51 வரை அளப்பதற்குள் ஸ்கூல் பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 4, 6, 8, 10

அளவுகள் கடைசிப் பக்க அட்டவணையில் உள்ளன. எல்லா நாளும் 1 முதல் 51 வரை. 52க்கு மேல் போவதற்குள் பஸ் வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 12

ஞாயிறு, பஸ் இல்லை; ஆனாலும் ஒப்பிடுவதற்காக அதே 51ஐத்தான் அளந்தேன். பத்தாம் தேதி இருந்த அதே அளவு.

ஆகஸ்ட் 15

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். சில மொட்டுகளின் நுனி பழுப்பாக இருக்கிறது. உறங்கு நிலையாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

அப்பா இன்று கவர்களை எடுத்தார். எண்ணூறில் 706 துளிர்த்திருந்தன. மிஸ் வரிசையில் 52 முதல் 60 வரை செப்பு நிறத்தில் துளிர்த்திருந்தன. 1 முதல் 51 வரை குச்சி கருத்திருந்தது. நான் கட்டிய அறுபதாவது உயிரோடு இருக்கிறது.

அப்பா முதல் கவரை எடுக்கும் முன் அதன் முடிச்சைப் பார்த்தார். அப்பா கட்டுவது ஒற்றை இழுப்பு முடிச்சு. ஒன்றிலிருந்து ஐம்பத்தொன்று வரை ரிப்பன் முடிச்சு இருந்தது, நான் ஜடையில் கட்டுவது போல. அவர் ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்துக்கொண்டே ஐம்பத்தொன்று வரை போனார். ஐம்பத்திரண்டில் நின்றார்.

பிறகு என்னைப் பார்க்காமல், "வெயிலு" என்றார்.

"வெயிலாப்பா?"

"வெயிலுதான். நீ போயி படி."

வெயில் அன்றைக்கு அதிகபட்சம் 37 டிகிரி. எண்ணூறு கன்றுக்கும் அதே வெயில்தான். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20

தெரியும். நான்தான் கவருக்குள் காற்றை விட்டேன். நேற்று எழுதிய கடைசி வாக்கியம் பொய். அடிக்காமல் விடுகிறேன், எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. லோகேஸ்வரி வீட்டில் ஒரு செங்கல் அச்சு உடைந்ததற்கு இரண்டு நாள் திட்டு விழுந்ததாம். என் அப்பாவைப் போல ஒருவர் கிடையாது.

செப்டம்பர் 9

ஒட்டுக்குக் கீழே செடி தானாக விடும் பக்கத்துளிர்களைக் கிள்ளி எறிய வேண்டும். இல்லாவிட்டால் சத்து அதற்குப் போய்விடும். லாரி வரிசையில் 230 கிள்ளினேன். மிஸ் வரிசைக்கு வந்ததும், "அதுல கிள்ளாத. வுட்டுடு" என்றார் அப்பா.

"குச்சி செத்துடிச்சேப்பா. இது வெறும் செடியோட துளிருதானே?"

"வுட்டுடுன்னா வுடேன்."

ஏன் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதுகிறேன்.

செப்டம்பர் 14

மிஸ் வராந்தாவில் நிறுத்தி, "எப்படி இருக்கு நம்ம கன்னுங்க?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். ஒன்பது நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 22

காலாண்டுத் தேர்வு முடிந்தது. நாளை நெய்வேலிக்குச் சித்தி வீட்டுக்குப் போகிறேன். நான் கேட்கவில்லை. "பத்து நாளு இருந்துட்டு வரட்டும்" என்று அப்பாதான் சொன்னார். சித்தி வீட்டில் இரவெல்லாம் லைட் எரியலாம், யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

அக்டோபர் 4

நம்பவே முடியவில்லை. மிஸ் வரிசையில் அறுபது கன்றும் நிமிர்ந்து நிற்கின்றன! எல்லாவற்றிலும் புது டேப். பைகளில் என் எண்கள் அப்படியே இருக்கின்றன.

அப்பா நான் இல்லாதபோது மறுபடியும் ஒட்டுக் கட்டியிருக்கிறார். அப்பாவிடம் கேட்டேன். "ம்" என்றார். ஓடிப்போய் அவர் முதுகைக் கட்டிக்கொண்டேன். வியர்வை நாற்றம் அடித்தது, விடவில்லை.

பச்சையம்மாள் அக்காவிடம், "பாத்தீங்களா எங்கப்பாவ!" என்றேன். அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் போய்விட்டார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. உடம்பு சரியில்லையோ என்னவோ.

கவனித்தவை: (1) பன்னிரண்டே நாளில் 30 செ.மீ. துளிர். முதல் தடவை ஒட்டியதைவிட மிக வேகம். (2) டேப் சுற்றிய இடத்தில் தண்டு நேராக இல்லை, மடக்கிய முழங்கை மாதிரி வளைந்திருக்கிறது. (3) 52 முதல் 60 வரை செப்பு நிறம். மற்றவை இளம் பச்சை. நிழலாக இருக்கலாம்.

அக்டோபர் 7

அறுபது அடையாள அட்டைகள் எழுதினேன். வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டையில் மார்க்கர் பேனா. 'மேட்டுக்கொல்லை ஒட்டு, எண் 1' என்று தொடங்கி அறுபது வரை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"ஒன் கையெழுத்து அச்சடிச்சாப்புல இருக்குது. அத பாத்தாலே டீச்சருக்குப் போதும்."

அக்டோபர் 14

லாரி வந்தது. லாரிக்காரரின் ஆள் கூன் போட்டவர், கண்ணாடி போட்டவர். எழுநூறு கன்றில் ஐம்பதைக் கண்ட கண்ட இடத்தில் உருவி, டேப்பைப் பிரித்துப் பார்த்தார். ஒட்டு கூடியிருந்தால் தண்டில் V போல ஒரு தழும்பு இருக்கும். நகத்தால் அதைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். ஐம்பதிலும் V இருந்தது.

"அந்த வரிசை?" என்று மிஸ் வரிசையைக் காட்டினார்.

"அது வேற ஆளுக்குண்ணே" என்று அப்பா சட்டென்று குறுக்கே வந்து நின்றார்.

அக்டோபர் 28, ஞாயிறு

மழை பிடித்துவிட்டது. மிஸ் ஊரில் நடவு. கன்றுகள் நேற்றே டெம்போவில் போய்விட்டன. அப்பா வரவில்லை, வேலை இருப்பதாகச் சொன்னார். மிஸ் என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனார்.

மிஸ்ஸின் அப்பா குழிகளுக்கு நடுவே ஒரு மூங்கில் கழியோடு நின்றுகொண்டிருந்தார். எழுபத்து நான்கு வயது. குழிக்குக் குழி இருபத்தைந்து அடி இருக்கிறதா என்று கழியால் அளந்துகொண்டே இருந்தார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

"இந்தப் பாப்பாதான் கன்னு வளத்ததா? கன்னவிட எளச்சிருக்குதே!"

"அப்பா, சும்மா இருங்க" என்றார் மிஸ். என்னிடம் மெதுவாக, "பத்து மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் கொல்லைக்கு வந்திருக்கார்" என்றார்.

முதல் கன்றை நான்தான் நட வேண்டும் என்றார்கள். எண் 1. குழியில் வைத்து மண் தள்ளினேன். பெரியவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம் பாப்பா, இது பச்சயா இருக்குது. அந்தா அது செவப்பா இருக்குது. ஒரே மரம்தான?"

நான் அவரைப் பார்த்தேன். கூன் போட்டவரின் நகம் ஞாபகம் வந்தது. முழங்கை மாதிரி வளைந்த தண்டு ஞாபகம் வந்தது. ஜூலை 20ஆம் தேதி நானே எழுதியது ஞாபகம் வந்தது.

"நெழல்ல இருந்தது பச்சையா வரும் தாத்தா" என்றேன்.

"அப்பிடியா. மூணு வருசத்துல காய் பாத்துடலாமில்ல?"

"பாத்துடலாம்."

"மூணு வருசம்னா இருப்பேன்" என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு அடுத்த குழிக்குக் கழியை வைத்தார்.

ஐம்பத்தொன்பது கன்று நட்டோம். பதினேழாம் எண்ணை மட்டும் மிஸ் தனியாக எடுத்து என்னிடம் கொடுத்தார். கண்காட்சியில் டேப்பைப் பிரித்து ஒட்டைக் காட்ட வேண்டுமாம். வரும் வழியெல்லாம் அது என் மடியில் இருந்தது.

மதியம் அவர்கள் வீட்டில் மீன் குழம்பு. நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் எழுத வேண்டும்.

அக்டோபர் 30

பதினேழின் டேப்பைப் பிரித்தேன். V இல்லை. செத்த குச்சியை அடியோடு வெட்டி எடுத்த கருப்பு மொட்டைத் தண்டு. அதன் பக்கத்திலிருந்து செடி தானாக விட்ட துளிர். இரண்டும் சேரும் இடத்தை மறைத்து டேப் சுற்றியிருக்கிறது. மிக அழகாக, இறுக்கமாக.

அக்டோபர் 31

பள்ளி விட்டு வந்ததும் அப்பாவிடம் பதினேழைக் காட்டினேன். அவர் பைக்கு மண் சலித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பிரிச்ச?"

"கண்காட்சிக்கு."

அவர் சல்லடையைக் கீழே வைக்கவில்லை.

"மிஸ்கிட்ட ஒம்போதுதான் பொழச்சிதுன்னு சொல்லியிருக்கலாமில்லப்பா? லாரிக் கன்னுல அம்பது குடுத்திருக்கலாமில்ல?"

"லாரிக்காரன் எழுநூறு கேட்டான். எழுநூத்தி ஆறு இருந்துது. அதுல எங்கேந்து அம்பது எடுக்கறது? அவன் டேப்ப பிரிச்சிப் பாக்குற ஆளு. நீயே பாத்தியே."

"மிஸ்?"

அப்பா கொஞ்ச நேரம் சலித்தார். "ஒங்க டீச்சரு பிரிச்சிப் பாக்க மாட்டாங்க. நீ குடுக்குறன்னா பாக்க மாட்டாங்க."

நான் அந்த வாக்கியத்தை மனதில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், தப்பில்லாமல் எழுதுவதற்காக. ஜூலையில் என் தலையில் கை வைத்து அவர் சொன்ன வார்த்தையும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்தார். "யாரால வந்துது இது? மூடியத் தொறந்தது யாரு? ஒன்ன ஒரு வார்த்த கேட்டாரா அந்த மனுசன்? டீச்சர்கிட்ட ஒன் பேரு கெடக்கூடாதுன்னுதான செஞ்சாரு?"

"அதுவும் மரந்தான் ஆவும்" என்றார் அப்பா. "காய்க்காமலா போயிடும்? அஞ்சு வருசமோ ஆறு வருசமோ, சிறுசோ பெருசோ, எதாச்சும் காய்க்கும்."

"அவருக்கு எழுவத்தி நாலு வயசுப்பா."

சல்லடை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

திட்டாமல் விட்டது எனக்காகவா, வெயில் என்று சொன்னது எனக்காகவா, நெய்வேலிக்கு அனுப்பியது எனக்காகவா என்று படுத்துக்கொண்டு யோசித்தேன். ஐம்பத்தொரு கன்றை நான் கொன்றேன். அதை என்னிடம் சொல்லித் திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டு மிஸ்ஸிடம் போய்ச் சொல்லியிருப்பேன். அது அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

அட்டை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாரே.

நவம்பர் 2

நோட்டில் மூன்று தாள்கள் இல்லை. அக்டோபர் 28, 30, 31 எழுதிய தாள்கள்.

கிழிக்கப்படவில்லை. தையல் ஓரமாக ஒரே இழுப்பில் வெட்டப்பட்டிருக்கின்றன. பிசிர் இல்லை. பிளேடு வைத்தால் பின் தாளிலும் கீறல் விழும், கத்தரிக்கோல் அவ்வளவு உள்ளே போகாது. இந்த மாதிரி வெட்டு எங்கள் வீட்டில் ஒரு கத்திதான் வெட்டும், ஒரு கைதான் வெட்டும்.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மூன்று தாளைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

நவம்பர் 3

அப்பாவோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. சோறு போடும்போது அம்மா, "நோட்ட குடுத்துட்டு வந்துடு. நல்ல பேரு வரும், மாவட்டத்துக்குப் போவ" என்றார், ஒன்றும் நடக்காத மாதிரி.

நோட்டைப் புரட்டினால் அக்டோபர் 14இல் லாரி போகிறது. அதற்கப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. நல்ல ப்ராஜெக்ட்.

நவம்பர் 4, ஞாயிறு

மூன்று நாளையும் மறுபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நினைவிலிருந்து எழுதுவது அளந்து எழுதுவது ஆகாது. பெரியவர் 'இருப்பேன்' என்றாரா, 'இருந்துடுவேன்' என்றாரா என்று சந்தேகம் வந்துவிட்டது. நிறுத்திவிட்டேன்.

சாயந்திரம் அப்பா சந்தைக்குப் போயிருந்தார். நனையக் கூடாது என்று நினைக்கும் பொருள்களை அவர் கொட்டகையில் ஒரு பிஸ்கட் டின்னில் வைப்பார். டேப் சுருள், குச்சி ஐஸ் கவர் கட்டு, எங்கள் ரேஷன் கார்டு. திறந்தேன். கவர் கட்டுக்கு அடியில் மூன்று தாள்களும் நான்காக மடித்து இருந்தன. எரிக்கவில்லை. ஏன் எரிக்கவில்லை என்று தெரியவில்லை.

'இருப்பேன்' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 5, காலை 5.20

எழுந்து லைட்டைப் போட்டுக்கொண்டு மூன்று தாள்களையும் அவற்றின் இடத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பசை போட்டால் இரண்டு பக்க எழுத்தும் மறையும். டின்னிலிருந்து எடுத்த டேப்பை வைத்துச் சேர்க்கிறேன். இரண்டு முடிந்தது.

மிஸ், இந்தப் பகுதி உங்களுக்கு. 52 முதல் 60 வரை உள்ள ஒன்பது கன்றுகளும் நிஜமான ஒட்டு. பிடுங்கும்போது அவற்றை விட்டுவிடுங்கள். மற்ற ஐம்பதும் வெறும் செடி, பதினேழு என்னிடம் இருக்கிறது. ஐம்பத்தொரு ஒட்டுகளைச் சாகடித்தது நான். ஆகஸ்ட் 2 முதல் 12 வரை பாருங்கள், கடைசிப் பக்க அட்டவணையும் சாட்சி. தாத்தாவிடம் நிழல் என்று சொன்னதும் நான்தான். மழை இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வேறு இடத்தில் கன்று வாங்கினால் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். யார் கொடுத்தாலும் பாருங்கள்.

5.45

மூன்றாவது தாளைச் சேர்க்கும்போது அப்பா டீக்கடைக்குக் கிளம்பி வந்தார். வாசற்படியில் நின்றார். நோட்டையும் டேப்பையும் பார்த்தார். நான் நிமிரவில்லை. அவருடைய செருப்பு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"இழுத்து ஒட்டு" என்றார். "லூசா இருந்தா நிக்காது."

அவர் போய்விட்டார்.

இழுத்துத்தான் ஒட்டினேன்.

6.10

நோட்டைப் பையில் வைக்க வேண்டும். பஸ் வர இன்னும் ஐம்பது நிமிடம். வெளியே வெளுத்துவிட்டது, எழுத்து தெரிகிறது. யாரும் சொல்லாமல் நானே லைட்டை நிறுத்திவிட்டேன்.